நான்காவது கூலர்

"அம்மணி, இதுவும் சேரலீங்க!"

நாச்சிமுத்து, கம்ப்யூட்டர் பிராசசரின் சூட்டைத் தணிக்கும் கூலரில் மூன்றாவதைப் பொத்தென்று மேசையில் வைத்தார். கூடவே கம்ப்யூட்டர் பெட்டியையும் தூக்கி வந்திருந்தார்.

சீடருக்கு வயது ஐம்பத்து மூன்று. கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் குரு ஜெசிந்தாவுக்கு இருபத்தாறு.

"எதுல இடிக்குதுங்ணா?"

"மொதல்ல போட்டது குட்டி. சேந்துச்சு, ஆனாச் சூடு தாங்காம பத்தே நிமிசத்துல மிசின் அணஞ்சுது. பெருசா வாங்குனேன், பக்கத்துல இருக்கற மெமரி ராம்ல இடிச்சுது. இதைப் போட்டா பெட்டி மூட மாட்டேங்குது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மதர்போர்டு, அதுக்கு நான் படற பாடு!"

குரு கம்ப்யூட்டர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"வீட்டுக்காரி மரகதம் சாயங்காலத்துக்குள்ள எம்பிராய்டரி டிசைனை அனுப்போணும். இல்லீனா கம்பெனிக்காரரு வேற ஆளைப் பாத்துக்குவாரு. மூணு மாசம் அலைஞ்சு புடிச்ச ஆர்டருங்க. நாலாவது எதை வாங்கறதுன்னு மட்டும் சொல்லுங்க."

குரு வாசலைப் பார்த்தார். வெயிலில் நாச்சிமுத்துவின் ஸ்கூட்டர் நின்றது.

"வண்டி புதுசுங்களா?"

"ரெண்டு வருசம் ஆச்சு."

"சீட்டுல ஷோரூம் பிளாஸ்டிக் கவர் அப்படியே இருக்கே?"

"உரிச்சா அழுக்காயிருமுங்க. நான் கூலரைக் கேட்டா நீங்க வண்டியக் கேக்கறீங்க!"

"அதுல கொஞ்சம் உக்காந்துட்டு வாங்க."

சீடர் முணுமுணுத்துக்கொண்டே போனார். போனதைவிட வேகமாகத் திரும்பி வந்தார்.

"பொசுக்குதுங்க! எனக்கே எரிச்சலா இருக்குது, நீங்க வேற!"

"அந்தக் குட்டிக் கூலரைக் குடுங்க."

பையிலிருந்து எடுத்தார். வாங்கிய அதே அட்டைப்பெட்டி, அதற்குள் அதே உறை. கீறல் ஒன்றுகூட இல்லை.

குரு அதைத் தலைகீழாகத் திருப்பினார். பிராசசர் மேல் படிய வேண்டிய செம்பு அடிப்பாகத்தில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. சூட்டைக் கடத்தப் போட்ட பசையெல்லாம் அந்தத் தாளின் மேலேயே அப்பிக் கிடந்தது.

"பிளாஸ்டிக் இருந்தா சூடு கூலருக்கு ஏறாதுங்ணா. இதை உரிச்சுட்டுப் போடணும்னு அட்டையில சிவப்பு எழுத்துல இருக்கே. படிக்கலீங்களா?"

"படிச்சனுங்க." குரல் இறங்கியது. "புதுசு, கீறல் விழுந்துரும்னு விட்டுட்டேன்."

"வீட்டுலயும் யாரும் சொல்லலீங்களா?"

"மரகதம் சொன்னா. மொத நாளே."

"நீங்க?"

"உனக்கு என்னடி தெரியும்னு கத்துனேன்."

குரு தாளை உரித்தார். புதுப் பசை ஒரு துளி, நான்கு திருகு. பெட்டி மூடிக்கொண்டது.

ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தார்கள். மிசின் அணையவில்லை. நாச்சிமுத்துவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பினார்.

"அம்மணி, எதனால இத்தனை நாள் அணஞ்சுதுன்னு மரகதம் கேப்பா. என்னன்னு சொல்றது?"

குரு அந்தத் தாளை எடுத்து அவர் சட்டைப்பையில் வைத்தார்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாங்ணா. இதைக் கையில குடுங்க. அவங்க சொல்லுவாங்க."