கரடி பின்னிய அலைப் போர்வை

மூங்கில் அடர்ந்த ஒரு மலைக்காட்டில், யார் எங்கே சிக்கிக்கொண்டு கத்தினாலும் முதலில் மூச்சிரைக்க ஓடி வருவது தொப்பையன் கரடிதான். தங்கமான மனசு. நிதானம் மட்டும் மருந்துக்கும் கிடையாது.

ஒருநாள் வெள்ளச்சி என்கிற செம்மறி ஆடு முள்புதரில் மாட்டிக்கொண்டது.

"பயப்படாதே தங்கச்சி, அண்ணன் வந்துட்டேன்!" என்று தொப்பையன் பிடித்து இழுத்தது. ஒரே இழுப்பு! ஆடு வெளியே வந்துவிட்டது. ஆட்டின் ரோமம் மட்டும் வரவில்லை. அத்தனையும் புதரிலேயே தொங்கியது!

பாவம் வெள்ளச்சி, தோலுரித்த வள்ளிக்கிழங்கு மாதிரி நின்றது. பனிக்காலமோ நெருங்கிக்கொண்டிருந்தது.

தொப்பையனுக்கு அழுகையே வந்துவிட்டது. "இந்த ரோமத்திலேயே உனக்கு ஒரு போர்வை பின்னித் தருவேன், தங்கச்சி. இது சத்தியம்!"

அணில்கள் ரோமத்தைப் பொறுக்கி நூலாகத் திரித்துக் கொடுத்தன. தொப்பையன் ஒரு மூங்கில் குச்சியின் முனையைக் கொக்கி போலச் செதுக்கிக்கொண்டு தூக்கணாங்குருவியிடம் போனது.

குருவிக்கோ தலைக்கு மேல் வேலை. கூடு பாதியில் தொங்கியது. கீச்சுக் குரலில் மளமளவென்று சொல்லித் தள்ளியது.

"அலை மாதிரி மேடும் பள்ளமுமாப் பின்னு, கத்துக்கச் சுலபம். கண்ணிங்கிற நூல் வளையத்தோட பின்பக்கத்து இழையில மட்டும் கொக்கியை விடு, வரப்பு வரப்பா எழும்பி வரும். மேடு வந்தா ஒரே கண்ணியில மூணு பின்னல். பள்ளம் வந்தா ரெண்டு கண்ணியை விட்டுத் தாண்டு. மேட்டுல கூடினது பள்ளத்துல குறையணும். அவ்வளவுதான்!"

விர்ரென்று பறந்தும் போய்விட்டது.

தொப்பையன் பாறைமேல் உட்கார்ந்து பின்ன ஆரம்பித்தது. மேடு வந்தது. ஒரே கண்ணியில் மூன்று போட்டது. பள்ளம் வந்தது. கை அப்படியே நின்றுவிட்டது.

"ரெண்டை விடணுமா? ஐயோ, எல்லாமே வெள்ளச்சி உடம்பு ரோமமாச்சே! ஒண்ணைக்கூட விடமாட்டேன்!"

எதிர்க் கிளையில் கீச்சான் மைனா இருந்தது. எல்லோர் குரலிலும் பேசிக் கலாட்டா செய்கிற பயல் அது. "பள்ளம் வந்தா விட்டுத் தாண்டு! விட்டுத் தாண்டு!" என்று குருவியின் குரலிலேயே கத்தியது.

"போடா போக்கிரி! நேத்து புலி மாதிரி உறுமி என்னைக் குளத்துல விழ வச்சவன்தானே நீ? உன் பேச்சை நான் கேட்கணுமா?"

தொப்பையன் எதையும் விடவில்லை. வரிக்கு வரி கண்ணிகள் பெருகின. பின்னல் சேவல் கொண்டை போலச் சுருண்டு சுருண்டு பக்கவாட்டிலேயே போய்க்கொண்டிருந்தது. நீளம் ஒரு சாண் வருவதற்குள் நூல் தீர்ந்துவிட்டது.

அந்தப் பக்கமாய் வந்த மயில் பார்த்தது. "அடடா! என்ன சுருக்கம், என்ன கொசுவம்! என் தோகையே தோத்துப் போச்சு போ!"

தொப்பையனுக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் வெள்ளச்சிக்குப் போர்த்தியது. போர்வை கழுத்தை நாலு சுற்றுச் சுற்றியது. முதுகுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

"எப்படி இருக்கு தங்கச்சி?"

"க... கழுத்துக்கு ரொம்ப இதமா இருக்குண்ணே."

மறுநாள் காலையில் முதல் பனி இறங்கியது. தொப்பையன் சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்தது. கிளையிலிருந்து வெள்ளச்சியின் குரல் கேட்டது.

"கடகட கடகட... முதுகு விறைக்குதே! அண்ணன்கிட்ட எப்படிச் சொல்றது? ஆசை ஆசையாப் பின்னினதாச்சே! கடகட கடகட..."

அண்ணாந்து பார்த்தால் கீச்சான்!

"அடேய்! என் தங்கச்சியையே கேலி பண்றியா? மூடுடா வாயை!"

கீச்சான் சட்டென்று அலகை மூடிக்கொண்டது.

ஆனால் அந்தக் கடகட சத்தம் நிற்கவில்லை.

அது பாறைக்குப் பின்னாலிருந்து வந்தது. தொப்பையன் எட்டிப் பார்த்தது. வெள்ளச்சி சுருண்டு கிடந்தது. பல் தந்தியடித்தது. முதுகெல்லாம் பனித்துளி.

"ஏம்மா என்கிட்ட சொல்லலே?"

"உன் முகம் வாடிப்போயிடுமேன்னுதாண்ணே..."

தொப்பையன் வெள்ளச்சியைத் தூக்கித் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டது.

"இப்படியே எத்தனை நாள் உட்காருவே? தேனுக்குப் போக வேண்டாமா?" என்றது வெள்ளச்சி.

"போகணும். அதுக்கு முன்னால இந்தப் போர்வையைப் பிரிக்கணும்."

மயில் பதறி ஓடிவந்தது. "ஐயையோ, பிரிக்காதே! அவ்வளவு அழகும் போயிடுமே!"

"அழகைப் பார்க்கிறது நீ. குளிர்ல நடுங்குறது இவ."

தொப்பையன் கண்ணை இறுக மூடிக்கொண்டு கடைசிக் கண்ணியின் நூலை இழுத்தது. சர்ர்ர்ரென்று அத்தனை பின்னலும் அவிழ்ந்து மடியில் குவிந்தது.

மறுபடியும் முதலிலிருந்து. மேடு வந்தது, மூன்று போட்டது. பள்ளம் வந்தது, கொக்கி நின்றது. அண்ணாந்து பார்த்து, "டேய் கீச்சான்... அந்தக் குருவி மாதிரி ஒருதரம் சொல்லேன்" என்றது.

"விட்டுத் தாண்டு! விட்டுத் தாண்டு!"

தொப்பையன் இரண்டை விட்டுத் தாண்டியது. வரி ஒழுங்காய்ப் படிந்தது. பள்ளம் வரும்போதெல்லாம் கீச்சான் கத்தியது. அதற்குத் தொண்டையே கட்டிவிட்டது! அகலம் அளவோடு நிற்க, போர்வை வரப்பு வரப்பாய், அலை அலையாய் நீண்டு இறங்கியது. அதே நூல்தான். இந்த முறை போர்த்தியபோது கழுத்திலிருந்து வால்வரை வந்தது.

கடகட சத்தம் மெல்ல அடங்கியது. வெள்ளச்சி தூங்கிப்போனது.

கிளையிலிருந்து கீச்சான், கம்மிப்போன குரலில், வெள்ளச்சி மாதிரியே குறட்டை விட்டுக் காட்டியது. தொப்பையன் இந்தத் தடவை திட்டவில்லை. "மெதுவாடா, முழிச்சுக்கப் போறா" என்றது.

நீதி: விட வேண்டியதை விட்டால்தான், அன்போடு தொடங்கிய வேலையும் உரியவருக்கு உதவும்.