தொட்டிச் சுவர்

தென்காசிக்கு மேற்கே, மலையின் காலடியில், தூவானம்பேட்டை என்றோர் ஊர். அவ்வூர் மடத்தின் தலைமையை உலகம்மை அடிகள் ஏற்றபோது அவருக்கு நாற்பது வயது நிரம்பவில்லை. மடத்துப் பள்ளியின் தலைமையாசிரியர் சங்கரநயினாரோ தலை முழுதும் நரைத்தவர். ஆயினும் தம்மினும் இளைய அந்த அம்மையாரிடம் தீட்சை பெறவும், ஐயம் எழும்போதெல்லாம் அவர் முன் கைகட்டி நிற்கவும் அவர் கூசியதில்லை.

ஆனி பிறந்து சாரல் இறங்கிய ஒரு காலையில் அவ்வாறு வந்து நின்றார்.

“அம்மா, எவ்வளவு சாம்பிராணி போட்டாலும் ஐந்தாம் வகுப்பறையின் நாற்றம் போகவில்லை. வேறு என்ன போடலாம்?”

அடிகள் அடுக்களை வாசலில் அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“நாற்றம் உங்களை என்ன செய்தது, ஐயா?”

“பிள்ளைகள் மூக்கைப் பொத்துகிறார்கள்.”

“அந்த அறையில் உண்மை பேசுவது அது ஒன்றுதான். அதன் வாயையும் அடைக்கப் பார்க்கிறீர்களே!”

சங்கரநயினார் தலை குனிந்தார். உண்மை இன்னதென்று அவர் அறியாதவர் அல்லர். வகுப்பறையின் மேற்குச் சுவரை ஒட்டி, அடியார்கள் கால் கழுவுவதற்கென்று ஒரு தொட்டி கட்டப்பட்டிருந்தது. தர்மகர்த்தா நல்லபெருமாள் தம் தந்தையார் நினைவாகக் கட்டியது. அதற்காகவே அப்பக்கத்துச் சன்னல்கள் இரண்டும் செங்கல் வைத்து அடைக்கப்பட்டன. அன்று முதல் தொட்டி நீர் சுவருக்குள் இறங்கிற்று. காற்று உள்ளே வரும் வழி மறந்தது. ஆண்டுதோறும் சுண்ணாம்பு அடித்தார்கள். ஆண்டுதோறும் சுண்ணாம்பைத் தின்றுவிட்டுப் பூசணம் வெளியே எட்டிப் பார்த்தது. தலைமையாசிரியர் தம் பங்குக்குக் கதவையும் சாத்தி, புகை வீணாகாமல் சாம்பிராணி போட்டு வந்தார்.

அப்போது முற்றத்தில் ஒரு குரல் வெடித்தது.

“எங்க அந்தப் பெரிய வாத்தியாரு?”

பீடி சுற்றும் மாடத்தி. பிடித்த பிடியில் மகள் பூங்கனியை இழுத்துக்கொண்டு வந்தாள். அந்தப் பெண் ஐந்தாம் வகுப்பு.

“ஏளா, பதிமூணாம் வாய்ப்பாட்டைச் சொல்லு. இவுக காதுல விழட்டும்.”

பூங்கனி தொடங்கினாள். நாலாம் வரியில் இருமல் வந்தது. ஐந்தாம் வரி வரவேயில்லை. தோள்கள் குலுங்க, தூணைப் பிடித்துக்கொண்டு, மூச்சுக்கு வாய் திறந்து நின்றாள்.

“லீவுல நல்லா இருந்தா. எம் பீடித்தூசிக்குள்ளயே உக்காந்திருந்தா, ஒரு தும்மல் கிடையாது. உங்க பள்ளிக்கூடம் தொறந்து பத்து நாளு ஆகல, நெஞ்சு சல்லடை மாதிரி சத்தம் போடுது. போதும் சாமி. நாளையில இருந்து இவ எங்கூட உக்காந்து இலை வெட்டட்டும். மூச்சாவது மிஞ்சும்.”

“அம்மா மாடத்தி, பொறுமையா…” என்றார் சங்கரநயினார்.

“நீங்க அந்த ரூம்ல ஒரு நாளு பொறுமையா உக்காந்து பாருங்கய்யா, அதுக்கப்புறம் எனக்குச் சொல்லுங்க.”

அடிகள் எழுந்தார். நேரே வகுப்பறைக்குச் சென்றார். மற்றவர்கள் பின்னால் போனார்கள். மேற்குச் சுவரில் அவர் உள்ளங்கையை வைத்து எடுத்தார். சுண்ணாம்பு அப்பளம் போல் உரிந்து வந்தது. அடியில் கருப்பும் பச்சையுமாகப் பூசணம், ஆட்டுக்குட்டியின் மயிர் போல் மெத்தென்று அடர்ந்திருந்தது. சுவரில் தொங்கிய தேசப்படத்திலோ அது கன்னியாகுமரியில் ஏறி மதுரையைத் தாண்டிக்கொண்டிருந்தது.

“நாளை ஒரு நாள் பிள்ளையை அனுப்பு, மாடத்தி. இந்த அறைக்குள் அவள் கால் வைக்கமாட்டாள். வைத்தால் நீயே கூட்டிக்கொண்டு போ.”

அன்று மாலையே தர்மகர்த்தாவுக்கு ஆள் போயிற்று. நல்லபெருமாள் வந்தார். நல்ல மனிதர், நன்கொடை என்றால் முதலில் நீளும் கை அவருடையது. ஆனால் தொட்டி என்ற சொல் காதில் விழுந்ததும் அந்தக் கை மடங்கிவிட்டது.

“எங்கப்பா பேரு வெட்டின கல்லு அதுல இருக்கு. அதை இடிக்கச் சொல்லுதீயளா? கட்டடம் எம்பொறுப்பும்மா. பூசையும் பாடமும் உங்க பொறுப்பு. பெரியவுக பிரிச்சு வச்சது, மாத்தாதீய.”

“மாற்றமாட்டேன்” என்றார் அடிகள்.

நல்லபெருமாள் போனபின் சங்கரநயினார் கேட்டார்: “இனி நம்மால் ஆவது என்ன, அம்மா?”

“மண்டபத்திலிருந்து பரமகுருவின் படத்தைக் கழற்றுங்கள்.”

அவர் செவிகளை அவராலேயே நம்ப முடியவில்லை. மடத்தை நிறுவிய பெரியவரின் திருவுருவம் அது. காகிதத்தில் எழுதிக் கண்ணாடி போட்டது. அவர் மறைந்த நாள் தொட்டு அது பூசை மண்டபத்தை விட்டு வெளியே வந்ததில்லை. சங்கரநயினார் கும்பிட்டுவிட்டுக் கழற்றினார். அடிகளே அதைத் தலைமேல் சுமந்து சென்று, வகுப்பறையில் தேசப்படத்தை இறக்கிவிட்டு, அதே ஆணியில் மாட்டினார். பெஞ்சுகள் மண்டபத்துக்குப் போயின. நாற்புறமும் திறந்த மண்டபம். சாரல் காற்று ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் போகும்.

மறுநாள் ஊர் திரண்டது.

“எங்க பரமகுருவை அஞ்சாங்கிளாசுல சேத்துட்டீயளோ? டி.சி. எல்லாம் சரியா வாங்குனீயளா?” என்று கத்தினார் நல்லபெருமாள்.

“பூசை என் பொறுப்பு. ஒரு செங்கலையும் நான் தொடவில்லை. ஆணி பழைய ஆணி.”

“பிள்ளைகள் செருப்பும் சோத்துவாளியுமா மண்டபத்துல கெடக்குதுகளே!”

“பாடமும் என் பொறுப்பு.”

அவர் பல்லைக் கடித்தார். “சரி. ஆடிக் கடைசியில குருபூசை. அன்னைக்கு மண்டபம் எனக்கு வேணும். படம் மண்டபத்துக்கு, பிள்ளைக பழைய ரூமுக்கு. அதுல பேச்சே கிடையாது.”

“குருபூசை வரட்டும்.”

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. பரமகுருவின் திருவுருவம் இருக்குமிடத்தில்தான் அந்திப் பூசை. முதல் விளக்கை ஏற்றுவது தர்மகர்த்தாவின் கை. ஆகவே நல்லபெருமாள் நாள்தோறும் அந்த அறைக்குள் வந்து உட்கார வேண்டியதாயிற்று. முதல் வாரம் கனைத்தார். அடுத்த வாரம் இருமினார். அதன்பின் மேல்துண்டால் மூக்கைப் பொத்தியபடியே விளக்கேற்றினார்.

“வாத்தியாரே, சாம்பிராணியைக் கொஞ்சம் குறைக்கக்கூடாதா?”

“குறைத்தால் நாறும், அண்ணாச்சி.”

“கதவையாவது தொறந்து வையுங்கய்யா!”

“திறந்தேதான் இருக்கிறது.”

குருபூசைக்கு முந்தைய நாள், சந்தனம் சாத்துவதற்காகப் படத்தை இறக்கினார்கள். மாலையை விலக்கிய சங்கரநயினாரின் விரல்கள் அப்படியே நின்றன. கண்ணாடிக்கு உள்ளே, பெரியவரின் தாடியில் தொடங்கி நெற்றி வரை, சாம்பல் நிறப் பூசணம் படர்ந்திருந்தது. இடக்கண் மூடிவிட்டது. வலக்கண் மட்டும் பார்த்தது.

நல்லபெருமாள் தலையிலடித்துக்கொண்டார். “அய்யோ, என் அப்பனே! யாருடே இதைச் செஞ்சது?”

எல்லாரும் அடிகளைப் பார்த்தார்கள். அடிகள் சங்கரநயினாரைப் பார்த்தார்.

இத்தனை ஆண்டு சாம்பிராணி போட்ட கை அவருடையது. இத்தனை ஆண்டு தர்மகர்த்தா முன் மூடியிருந்த வாயும் அவருடையது.

“உங்கள் தொட்டி, அண்ணாச்சி.”

“என்னது?”

“தொட்டிதான். உங்களுக்கு வந்த இருமலும் தொட்டிதான். பூங்கனி நெஞ்சில் ஏறியதும் இதுதான். பிள்ளைகளைத் திரும்ப இந்த அறைக்குள் நான் விடமாட்டேன். என்னை நாளைக்கே வீட்டுக்கு அனுப்புங்கள், விடமாட்டேன்.”

நல்லபெருமாள் படத்தைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். எதையோ சொல்ல வாயெடுத்தவரை இருமல் பிடித்துக்கொண்டது. அது ஓய்ந்தபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன.

“கடப்பாரை எங்க இருக்கு?” என்றார்.

தந்தையின் பெயர்க்கல்லை அவரே பெயர்த்தெடுத்து, மேல்துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டார். தொட்டியை ஆட்கள் உடைத்தார்கள். அடைத்திருந்த சன்னல்களின் செங்கல் சரிந்ததும், மலைக்காற்று ஒரே பாய்ச்சலாக உள்ளே வந்து அறையைப் புரட்டிப் போட்டது.

“சுவரைச் சுரண்டி, காயவிட்டு, புதுசாப் பூசித் தாரேன். அதுவரைக்கும் பிள்ளைக மண்டபத்துலயே இருக்கட்டும். நாளைப் பூசையும் அதுகளை வச்சுக்கிட்டே நடக்கட்டும்” என்றார் நல்லபெருமாள். போகும்போது தலைமையாசிரியரின் காதருகே குனிந்தார். “படத்தை மட்டும் ராவோட ராவா துடைச்சு, கண்ணாடி மாத்திப்புடுங்க. வெளியூருல இருந்தெல்லாம் வருவாக. ஒருத்தர் கண்ணுல படக்கூடாது.”

சங்கரநயினார் படத்தை மார்போடு அணைத்து மண்டபத்துக்கு எடுத்து வந்தார். பூங்கனி எழுந்து நின்று பதிமூன்றாம் வாய்ப்பாட்டை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஏழாம் வரியில் எண்பத்தொன்று என்று தவறாகச் சொன்னாள். மூச்சு முட்டவில்லை, கணக்குதான் முட்டியது. நிற்காமல் கடைசி வரை ஓடினாள். வாசலில் இலைத்தட்டோடு உட்கார்ந்திருந்த மாடத்தி தலை நிமிரவில்லை; கத்தரி மட்டும் சற்று நின்றது.

அடிகள் பழைய இடத்தில் படத்தை மாட்டுவதற்குக் கை நீட்டினார்.

“அம்மா, ஒரு நொடி. துடைத்துத் தருகிறேன்.”

“வேண்டாம்.”

“நாளைக்கு எத்தனையோ பேர் வருவார்கள். பரமகுருவின் முகத்தில் இதென்ன கோலம் என்று கேட்டால், நான் என்ன சொல்ல?”

அடிகள் படத்தை ஆணியில் மாட்டி, கோணல் இல்லாமல் நேராக்கினார்.

“ஒரு சாரல் காலம் அவரும் ஐந்தாம் வகுப்பில் படித்தார் என்று சொல்லுங்கள்.”