எண்பத்தாறில் விழுந்த அடி

பியூலா டீச்சரிடம் இசைக்குழு நடத்தக் கற்றுக்கொள்ள வந்தவர்களில் வயதில் மூத்தவர் மாசானமுத்து. டீச்சருக்கு முப்பத்தாறு வயது. அவருக்கு ஐம்பத்தொன்பது.

போலீஸ் பேண்டில் முப்பத்தோரு வருஷம் கிளாரினெட் வாசித்து ஓய்வு பெற்றவர். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்து ஹாலில், சனிக்கிழமைதோறும் நாற்பது பிள்ளைகள் வயலினும் செல்லோவும் டிரம்பெட்டுமாக உட்கார்ந்து வாசிப்பார்கள். இரண்டு சனிக்கிழமை ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டார். மூன்றாவது சனிக்கிழமை உள்ளே வந்தார்.

"டீச்சர், ஊதினது போதும். இனி முன்னால நிக்கக் கத்துக்கணும்."

"முன்னால நிக்கிறவங்களுக்கு வாத்தியம் கிடையாது அண்ணாச்சி. பரவாயில்லையா?"

"குச்சி இருக்குல்லா?"

டீச்சர் சிரித்தார். தன் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அந்த நாற்காலியில் அவர் இரண்டு வருஷம் உட்கார்ந்தார். மடிப்புக் கலையாத சட்டையோடு, பிள்ளைகளுக்கு முன்பே வந்துவிடுவார். பிள்ளைகள் வருவதற்குள் காலி நாற்காலிகளின் முன்னால் நின்று குச்சியை அசைத்துப் பழகுவார்.

"நாற்காலியெல்லாம் ஒண்ணா வாசிக்குது டீச்சர். ஒண்ணு கூடப் பிசகல."

"அதுங்க உங்களைப் பாக்கல அண்ணாச்சி. பிள்ளைங்க பாக்கும்."

பிள்ளைகள் அவரைப் பேண்டு சார் என்று கூப்பிட்டார்கள். "முப்பத்தோரு வருஷத்துல ஒரு அடி பிசகினதில்ல" என்று அவர் வாரம் ஒரு தடவையாவது சொல்வார்.

"தெரியும் சார், போன வாரமும் பிசகல" என்பான் டிரம்பெட் வாசிக்கும் கிங்ஸ்லி.

வரும் ஜூனிலிருந்து சின்னப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு குழு தொடங்குவதாக இருந்தது. அதை மாசானமுத்துவிடம் கொடுக்கலாம் என்று இசைக்குழுவின் கமிட்டியில் டீச்சர் சொல்லியிருந்தார். ஆண்டு விழாவில் அவர் நடத்துவதைப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்றது கமிட்டி. அதனால் விழாவில் ஒரே ஒரு பீஸை நடத்த டீச்சர் அவரிடம் குச்சியைக் கொடுத்தார்.

மெதுவான பீஸ். அடங்கிய சத்தத்தில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, உச்சியில் ஒரே ஒரு சிம்பல் அடி. இரண்டு பித்தளைத் தட்டுகளையும் மோதும் அந்த ஒரு அடி ஆவுடைச்செல்வியுடையது. பதினான்கு வயது. கடைசி வரிசையில் நிற்பவள்.

இசைத்தாளில் கோடு போட்டுப் பிரித்த கட்டம் ஒவ்வொன்றும் ஒரு பார். எண்பத்தாறு பார் அவள் சும்மா நிற்க வேண்டும். எண்பத்தேழில் அடிக்க வேண்டும்.

சும்மா நிற்பது என்றால் எண்ணிக்கொண்டு நிற்பது. அவள் உதடு அசைந்துகொண்டே இருக்கும். எண்பது வந்ததும் தட்டுகளைக் கையில் எடுப்பாள். ஒத்திகையில் ஒரு நாளும் தவறியதில்லை.

விழாவன்று ஹால் நிறைந்திருந்தது. ஊர் முன்னால் வாசிக்கும் பதற்றத்தில் வயலின்கள் சீக்கிரமே சத்தம் கூட்டிவிட்டன. அந்தச் சத்தம் நெஞ்சில் வந்து மோதியதும், உச்சி வந்துவிட்டது என்று மாசானமுத்துவின் உடம்பு நம்பிவிட்டது. இடது கையைத் தூக்கிக் கடைசி வரிசையைக் காட்டினார்.

ஆவுடை அவரைப் பார்த்தாள். அவள் உதடு நின்றது. தலை லேசாக, இல்லை என்பதுபோல அசைந்தது.

அவர் இன்னொரு தடவை, அழுத்திக் காட்டினார்.

அவள் அடித்தாள்.

எண்பத்தாறு.

வயலின்கள் சிதறின. அடுத்த பாரில் அவளுடைய இடம் வந்தபோது அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அவள் தட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். பீஸ் எப்படியோ முடிந்தது.

சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்தார்.

"பிள்ளைங்க பிரமாதமா வாசிச்சாங்க. நடுவுல மட்டும் யாரோ பாத்திரத்தைக் கீழ போட்டுட்டாங்க. சரி, காப்பி ரெடி ஆயிட்டுன்னு நெனச்சேன்."

ஹால் முழுக்கச் சிரித்தது. முன்வரிசையில் இருந்த கமிட்டிக்காரர்கள் சிரித்தார்கள். மேடையில் வரிசையாக நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். மாசானமுத்துவும் சிரித்தார்.

இறங்கும்போது கிங்ஸ்லி சொன்னான். "ஏட்டி ஆவுடை, எனக்குச் சீனி கம்மி."

அவள் தட்டுகளைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தாள். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை, பிள்ளைகள் வருவதற்கு முன்னால் மாசானமுத்து கேட்டார்.

"டீச்சர், அந்தப் பிள்ளையைக் காணுமே."

"ஆமா. நானும் போய்ப் பாத்தேன். படிக்கணும்னு சொல்லிட்டா."

"சின்னப் பிள்ளைங்கன்னா பிசகத்தான் செய்யும். அதுக்காக வராம இருக்கலாமா? நல்லா எண்ணுத பிள்ள டீச்சர். என்ன சொன்னா திரும்பி வருவா?"

"எத்தனையில அடிச்சா?"

"எண்பத்தாறுல."

"ஏன்?"

மாசானமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பயந்திருப்பா."

டீச்சர் அலமாரியைத் திறந்து, துணியைப் பிரித்து, சிம்பல் தட்டுகளை அவர் கையில் கொடுத்தார்.

"இன்னைக்கு இதை அடிக்க ஆள் இல்ல. நீங்க போய் நில்லுங்க அண்ணாச்சி. அந்த பீஸ்தான் முதல்ல."

அவர் கடைசி வரிசையில் போய் நின்றார். பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள்.

"சார், காப்பியா, டீயா?"

"ஏல, முப்பத்தோரு வருஷத்துல..."

"தெரியும் சார்!" என்று நாலைந்து பேர் சேர்ந்து சொன்னார்கள்.

டீச்சர் குச்சியை உயர்த்தினார். ஹால் அடங்கியது.

மாசானமுத்து எண்ணினார். கிளாரினெட்டில் எண்ணியது வேறு. அங்கே எண்ணுவதற்கு நடுநடுவே ஊத ஏதாவது இருக்கும். இங்கே எண்ணுவதைத் தவிர ஒன்றுமில்லை. நாற்பதில் முழங்கால் வலித்தது. எண்பதில் தட்டுகளை எடுத்தார். முன்னைவிடக் கனமாக இருந்தன.

எண்பத்தைந்தாவது பார் முடியும்போது டீச்சரின் இடது கை எழுந்து அவரைக் காட்டியது.

இன்னும் ஒரு பார் இருக்கிறது. அவருக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனால் டீச்சர் காட்டிக்கொண்டிருந்தார். முன்னால் நிற்பவர் காட்டிய பிறகும் சும்மா இருக்க அந்த உடம்பு பழகியதில்லை.

அடித்தார்.

பிள்ளைகள் வெடித்துச் சிரித்தார்கள். கிங்ஸ்லி டிரம்பெட்டை மடியில் வைத்துவிட்டான்.

"சார், முப்பத்திரெண்டாவது வருஷத்துல பிசகிட்டு!"

மாசானமுத்து டீச்சரைப் பார்த்தார். டீச்சர் வயலின்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பீஸை முடித்தார். தாளைப் புரட்டினார்.

"அடுத்தது."

"டீச்சர், அது வந்து..."

"அப்புறம் அண்ணாச்சி."

அடுத்த பீஸில் சிம்பல் கிடையாது. அதற்கடுத்ததிலும் கிடையாது. உட்காரச் சொல்ல யாரும் இல்லாததால் அவர் நின்றுகொண்டே இருந்தார். பக்கம் புரட்டுகிற சாக்கில் பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். செல்லோ வாசிக்கும் சின்னப் பெண் ஒருத்தி அவருக்காகப் பரிதாபப்பட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டாள். சிரித்ததைவிட அதுதான் அதிகமாகச் சுட்டது. அவர் காது இரண்டும் எரிந்தன.

ஒரு மணி நேரம் ஆயிற்று. பிள்ளைகள் வில்லின் முறுக்கைத் தளர்த்தத் தொடங்கினார்கள். டீச்சர் குச்சியால் ஸ்டாண்டைத் தட்டினார்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் இருங்க. முதல் பீஸ்ல எண்பத்தாறுல விழுந்த அடி என் தப்பு. நான்தான் ஒரு பார் முந்திக் காட்டினேன். பேண்டு சார் எண்ணினது சரி."



"ஸாரி சார்" என்றான் கிங்ஸ்லி. அவனைத் தொடர்ந்து இன்னும் சிலர் சொன்னார்கள். செல்லோப் பெண் அவரைப் பார்த்து நன்றாகவே சிரித்தாள். அது வேறு சிரிப்பு.

மாசானமுத்துவுக்கு மூச்சு சீராக வந்தது. அதுவரை சீராக வரவில்லை என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

எல்லாரும் போன பிறகு தட்டுகளைக் கொண்டுவந்து டீச்சரின் மேசைமேல் வைத்தார்.

"ஒரு மணி நேரம் டீச்சர்."

"ஆமா."

"நிக்க முடியல."

"அவளுக்கு இன்னையோட இருபத்தொரு நாள்."

மாசானமுத்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?"

"மேடை ஓரத்துல நின்னு உங்க கையைத்தான பாத்துட்டிருந்தேன்."

"அப்போ ஏன் டீச்சர் சொல்லல?"

"கை உங்களோடது. நீங்களே சொல்லுவீங்கன்னு காத்திருந்தேன். இவ்வளவு நாள் காத்திருந்தது என் தப்பு."

"கமிட்டிக்குத் தெரிஞ்சா ஜூன்ல..." என்று தொடங்கியவர் அதை முடிக்கவில்லை.

டீச்சரும் முடிக்கச் சொல்லவில்லை. தட்டுகளைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

மறுநாள் மாசானமுத்து ஆவுடைச்செல்வியின் வீட்டுக்குப் போனார். அவள் கூடத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் அம்மா, "வாங்க சார், உக்காருங்க" என்று மின்விசிறியைப் போட்டார். கொஞ்சம் தண்ணீர் கேட்டார் மாசானமுத்து. அம்மா உள்ளே போகும் வரை காத்திருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"ஆவுடை, அன்னைக்கு நான்தாம்மா முந்திக் காட்டிட்டேன்."

"தெரியும் சார்."

"தெரியுமா?"

"எண்ணிட்டுத்தான இருந்தேன். தலையைக் கூட ஆட்டினேன். நீங்க பாக்கல."

"பெறகு ஏம்மா அடிச்ச?"

"நீங்க காட்டினீங்கல்லா சார்."



"யார்ட்டயாவது சொல்லியிருக்கலாமே பிள்ள."

"சொன்னா யாரு நம்புவா? உங்க கையில இருந்து சத்தம் வரலியே சார். என் கையில இருந்துல்லா வந்தது."

மாசானமுத்து எழுந்து இரண்டு கைகளையும் கூப்பினார். அவள் பதறிப்போய்ப் புத்தகத்தைக் கீழே போட்டாள்.

"ஐயோ சார், கும்பிடாதீங்க. நீங்க போய்..."

"மன்னிச்சிரும்மா. தப்பு என்னோடது."

"சரி சார். விடுங்க."

தண்ணீர் வந்தது. குடித்தார். அம்மா என்ன விஷயம் என்று கேட்டதற்கு, பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போகலாமென்று வந்தேன் என்றார். படி இறங்கும்போது திரும்பினார்.

"சனிக்கிழமை வந்துருவேல்லா?"

"பரீட்சை இருக்கு சார்" என்றாள் ஆவுடை.

சனிக்கிழமை வந்தது. மாசானமுத்து வழக்கத்தைவிட அரைமணி நேரம் முன்னதாக வந்து, வாசலைப் பார்த்த மாதிரி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். வாத்தியப் பெட்டிகள் கதவில் இடித்தன. நாற்பது இடத்தில் முப்பத்தொன்பது நிறைந்தது.

அவர் எழுந்து டீச்சரிடம் போனார்.

"போய்ப் பாத்துட்டேன் டீச்சர். எல்லாத்தையும் சொல்லிட்டேன். இந்த வயசுல கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்பும் கேட்டுட்டேன். சரின்னுதான் சொன்னா. ஆனாலும் வரல பாருங்க. இதுக்கு மேல நான் என்ன செய்ய?"

டீச்சர் ஒரு ஸ்டாண்டின் திருகை முறுக்கிக்கொண்டிருந்தார். நிமிராமல் கேட்டார்.

"எங்க வச்சுச் சொன்னீங்க?"

"அவ வீட்டுலதான்."

"யாரெல்லாம் இருந்தாங்க?"

"நானும் அவளுந்தான். அவங்க அம்மா உள்ள போயிருந்தாங்க."

டீச்சர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"அன்னைக்கு அவ வீட்டுல வச்சா அண்ணாச்சி சிரிச்சாங்க?"