நாலு வெற்றுத் தாள்

"என் கையெழுத்துக்கு மேல என்னைக் கேக்காம எழுதிட்டீங்க. இது திருட்டு இல்லையா மேடம்? ஜட்ஜய்யாகிட்டயே சொல்லப் போறேன்."

உயர்நீதிமன்றத் தாழ்வாரத்தில், காலை பத்து இருபதுக்கு, சொர்ணலதா இப்படிக் கத்தினாள். எதிரே நின்றவர் அவளுடைய வக்கீல் இம்மாகுலேட். இவள் சொன்னால், பிள்ளையின் பயணத்துக்குத் தடை கேட்ட மனு அங்கேயே செத்தது. மதியம் இரண்டு மணி விமானத்தில் சொர்ணலதாவின் ஐந்து வயது மகளைத் தகப்பன் மஸ்கட்டுக்குக் கொண்டுபோய்விடுவான். அப்புறம் பிள்ளையைப் போனில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான், அதுவும் அவன் காட்டினால்.

நடந்ததைச் சொல்கிறேன். பாதியில் அடுப்பைப் பார்க்க எழுந்து போகிறவர்களுக்கு மறுபடி சொல்ல மாட்டேன்.

சொர்ணலதாவுக்கு இம்மாகுலேட் மூன்றாவது வக்கீல். முதல் வக்கீல் வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கி, அதில் சமரசம் என்று எழுதிக் கொடுத்துத்தான் பிள்ளை தகப்பன் கைக்குப் போயிற்று. அதிலிருந்து இவளுக்கு எவர்மேலும் நம்பிக்கை இல்லை. வக்கீலுக்கு ஒரு நாளைக்கு இருபது போன். சாப்பிட உட்கார்ந்தால் ஒன்று, குளிக்கப் போனால் ஒன்று.

இம்மாகுலேட்டிடம் வந்த முதல் நாளே அவருடைய குமாஸ்தா அரியமுத்து, வழக்கம்போல, வக்காலத்தோடு நாலு வெற்றுத் தாளிலும் கையெழுத்து வாங்கிவிட்டார். தெருவுக்கு வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. திரும்பி ஓடிவந்தாள். "எனக்குப் புரியாத ஒரு வார்த்தைகூட அதுல ஏறக் கூடாது. வாக்குக் குடுங்க." வக்கீல் கொடுத்தார். தாள்களைக் கிழிக்கவும் சொன்னார். அரியமுத்து கிழிக்காமல் இழுப்பறையில் போட்டுவைத்தார்.

நேற்று மூன்று மணிக்கு மனு தயார். நாலு பக்கம், அத்தனையும் ஆங்கிலம். நாலரைக்குள் தாக்கலானால்தான் இன்று காலை விசாரணை. சொர்ணலதா பேனாவைத் தொடவில்லை.

"எங்கண்ணன் படிச்சுச் சொல்லட்டும். அவருக்கு இங்கிலீஷ் தெரியும்."

அண்ணன், மேகமலைக்குப் போகிற பஸ்ஸின் டிரைவர். மலைமேல் சிக்னல் கிடையாது. இறங்க ஐந்தரை ஆகும்.

"உனக்குப் பிள்ளை வேணுமா, அண்ணன் வேணுமா?"

"அந்த வக்கீலும் இப்படித்தான் மேடம் அவசரப்படுத்தினாரு."

நாலு மணி வரை இதே பாட்டு. கடைசியில் வக்கீல், "உன் பிள்ளை, உன் இஷ்டம்" என்று எழுந்து போனார். அவளும் அண்ணனுக்குப் போன் போட்டபடியே வெளியேறினாள். அரியமுத்து இழுப்பறையைத் திறந்தார். நாலு இருபதுக்கு மனு உள்ளே போயிற்று.

இன்று காலை பட்டியலில் வழக்கு எண்ணைப் பார்த்ததுமே அரியமுத்துவின் வேலை வக்கீலுக்குப் புரிந்தது, அவளிடம் மறைத்துவிட்டார். அரியமுத்துதான் பெருமை தாங்காமல், "நல்லவேளை, பழைய கையெழுத்து இருந்துச்சும்மா" என்று அவளிடமே உளறினார்.

வாக்கைக் காத்துப் பிள்ளையைக் கைவிட்ட வக்கீலா, வாக்கைக் கெடுத்துப் பிள்ளைக்கு வழி தேடிய குமாஸ்தாவா, பிள்ளையே போனாலும் புரியாததில் கையெழுத்துப் போடாத தாயா? இதில் யார் செய்தது சரி?

விடை: தாய். குமாஸ்தா என்பீர்கள். நல்லதுக்குத்தான் செய்தேன் என்று முதல் வக்கீலும் சொல்லியிருப்பான். வக்கீல் என்பீர்கள். நாலு பக்கத்தைத் தமிழில் சொல்ல இருபது நிமிஷம் போதும். வக்கீலம்மா ஒரு மணி நேரம் சண்டை போட்டார்.

உள்ளே வழக்கு எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள். வக்கீல் அங்கியை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தார். அரியமுத்து வழக்குக் கட்டோடு பின்னால் ஓடினார். சொர்ணலதா கத்துவதை விட்டுவிட்டாள். கதவு வரை கைகூப்பிக்கொண்டே வந்தாள்.

"அதுல என்னதான் எழுதியிருக்கு? ஒரே ஒரு தடவை தமிழ்ல சொல்லுங்களேன், மேடம்."