செவலை நகர்ந்த ஓர் அடி

ஐம்பது வயதைத் தாண்டினவர்கள் கோயில் குளம் என்று கிளம்புவார்கள். நாச்சிமுத்து குதிரைப் பாடம் படிக்கக் கிளம்பினார். குருவோ அவருக்கு வெகு இளையவள், பாவாயி என்று பேர். ஆற்றோரம் லாயம் வைத்துக்கொண்டு, யாருக்கும் அடங்காத குதிரைகளைப் பழக்கிக் கொடுப்பவள்.

மனுஷருக்கு அவசரம் இருந்தது. மகள் ரங்கநாயகியின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளையைத் தன் செவலைக் குதிரைமேல்தான் அழைத்து வருவேன் என்று சம்பந்தி வீட்டுக்கூடத்தில் வைத்து மார்தட்டிவிட்டார். "எதுக்குங்க மாமா சிரமம், நடந்தே வந்தர்றேன்" என்றான் மாப்பிள்ளை சின்னுசாமி. எவ்வளவு அடக்கமான பையன் என்று இவருக்கு உச்சி குளிர்ந்துபோனது. செவலையோ முதுகில் ஈ உட்கார்ந்தாலே துள்ளுகிற இளசு. அதைக் கொண்டுபோய்ப் பாவாயியின் லாயத்தில் கட்டினார்.

"இதும்மேல எப்பங்க அம்மணி ஏறலாம்?"

பாவாயி ஒரு சேணத்தைத் தூக்கி அவர் தோளில் வைத்தாள்.

"கயித்தை அவுத்து உட்ருங்கண்ணா. சேணத்தோட கிட்டப் போங்க. வேண்டாம்னு சொல்லுச்சுன்னா, திருப்பிக் கொண்டாந்து ஆணியில மாட்டிருங்க."

"கட்டிப்போட்டா ஒரு நொடியில போட்ருவனுங்களே."

"போட்ரலாமுங்க" என்றாள் பாவாயி. அதோடு தவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

போனார். அடுத்த மூச்சில் லத்திக் குவியலில் உட்கார்ந்திருந்தார், மடியில் சேணத்தோடு.

"வேண்டாங்குதுங்க அம்மணி."

"எப்படிங்கண்ணா சொல்லுச்சு?"

"இதுல எப்படி வேற இருக்குதுங்களா? ஒதச்சுதானுங்க."

இடுப்பைப் பிடித்துக்கொண்டே போய் சேணத்தை மாட்டினார். கோபத்தில் கடிவாளத்தை எடுத்து மாட்டி அடக்கினால் என்ன என்று கை துறுதுறுத்தது. எடுக்கவில்லை.

மறுநாள் தோள்துண்டு போயிற்று. "கடிச்சுக் கிழிச்சிருச்சுங்க" என்று பாதித் துண்டைக் காட்டினார். அப்புறம் ஒரு நாள், "காதை மடக்கிக்கிட்டு மொறைக்குதுங்க." இன்னொரு நாள், "மூஞ்சியத் திருப்பிக்கிச்சுங்க." என்ன சொன்னாலும் பாவாயிக்கு ஒரே கேள்விதான், எப்படிச் சொல்லுச்சு. இவரும் சேணத்தைச் சுமந்து போவார், சுமந்து வருவார். "சேணம் குதிரைக்குங்களா, உங்களுக்குங்களா?" என்று புல் அறுக்க வந்த பெண்கள் கேட்டுச் சிரித்தார்கள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் செவலை நகரவில்லை. சேணம் முதுகில் ஏறி உட்கார்ந்தது. நாச்சிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"சாயந்திரம் மாப்பிள்ளை அழைப்புங்க அம்மணி. முதல்ல நான் ஏறிப் பாத்துட்டு, அப்புறம் மாப்பிள்ளையை ஏத்தறேன். கூட்டிப் போகட்டுங்களா?"

"கூட்டிப் போங்க. ஏறலாமான்னு அங்கயும் அதையே கேளுங்க."

பிள்ளையார் கோயில் முன்னால் மேளம் கொட்டிக்கொண்டிருந்தது. ரெண்டு வீட்டுச் சனமும் கூடியிருந்தது. நாச்சிமுத்து கயிற்றைக் கீழே விட்டு, ஒரு காலை அங்கவடி வளையத்தில் வைத்தார்.

செவலை ஓர் அடி தள்ளி நின்றது.

அவர் கால் தரைக்கு வந்துவிட்டது. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவருடைய மைத்துனர் ராக்கியப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"மச்சான், நாலு பேரு அமுக்கிப் புடிச்சுக்கறோம். நீங்க ஏறுங்க. சம்பந்தி முன்னால மானம் போகுது."

நாச்சிமுத்துவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பிடியுங்கள் என்று சொல்ல வாயும் திறந்துவிட்டார். அப்போது பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னான்.

"எதுக்குங்க மாமா சிரமம், நடந்தே வந்தர்றேன்."

அன்றைக்குக் கேட்ட அதே பேச்சு. இன்றைக்குத்தான் நாச்சிமுத்து பையனின் முகத்தைப் பார்த்தார். நெற்றியில் வைத்த சந்தனம் வேர்வையில் மூக்குவரைக்கும் இறங்கியிருந்தது.

"வேண்டாங்கறீங்களா மாப்பிள்ளை?"

"மொதல்ல இருந்தே அதைத்தானுங்க மாமா சொல்றேன். எனக்குக் குதிரைன்னா உசுரே போயிரும்."

நாச்சிமுத்து வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அங்கேயே சேணத்தைக் கழற்றித் தன் தோளில் போட்டுக்கொண்டார். மாப்பிள்ளை நடந்து வந்தான். கயிறு இல்லாமலே பின்னால் வந்த செவலை, மண்டபம் போய்ச் சேருவதற்குள் அவன் மாலையில் பாதியைத் தின்றுவிட்டது. அதைப் பார்த்து ரங்கநாயகி மணப்பெண் என்பதையும் மறந்து சிரித்தாள். ராக்கியப்பன் மட்டும் பந்தியில் பாயசம் வருகிறவரைக்கும் யாரோடும் பேசவில்லை.

கல்யாணம் முடிந்து, செவலையையும் கூட்டிக்கொண்டு, லட்டுத் தட்டோடு லாயத்துக்குப் போனார் நாச்சிமுத்து.

"தோத்துட்டனுங்க அம்மணி. கடைசிவரைக்கும் வேண்டாம்னுதான் சொல்லுச்சு."

"எப்படிங்கண்ணா சொல்லுச்சு?"

"ஓரடி நகந்து நின்னுச்சு. அவ்வளவுதானுங்க."

"மொத நாளு?"

"ஒதச்சுது."

பாவாயி ஒரு லட்டைப் பிட்டுப் பாதியைச் செவலைக்கு நீட்டினாள்.

"ஓரடி நகந்தாலே நீங்க கேட்டுக்குவீங்கன்னு அதுக்குத் தெரிஞ்சு போச்சுங்கண்ணா. நாளைக்கு ஏறுங்க."