புரிந்தவர்கள் நாற்பத்தேழு பேர்

எங்கள் கல்லூரியில் ஆசிரியர்களுக்கு மூன்று நாள் பயிற்சி. செல்போனை வைத்தே மாணவர்களைப் பாடத்துக்குள் இழுப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்க ஜெசிந்தா மேடம் வந்திருந்தார். வயது முப்பத்திரண்டு. எங்கள் துறைத்தலைவர் சிதம்பரநாதன் சாருக்கு ஐம்பத்தாறு. இருந்தாலும் அந்த மூன்று நாளும் மேடம்தான் குரு, நாங்களெல்லாம் சிஷ்யப்பிள்ளைகள்.

கடைசி நாள் காலை சார் எழுந்தார்.

"மேடம், போன வருஷம் நீங்க சொன்ன ஆப்பைத்தான் யூஸ் பண்றேன். பாடம் முடிஞ்சதும் 'புரிந்தது', 'புரியவில்லை'ன்னு ரெண்டு பட்டன். எல்லாப் பயலும் 'புரிந்தது'ன்னு அழுத்துறான். டெஸ்ட் வெச்சா பதினோரு பேர் முட்டை! இவ்வளவு நாளா பொய் சொல்லியிருக்கானுங்க. ஹால் டிக்கெட்டை நிறுத்தச் சொல்லி பிரின்சிபாலுக்கு லெட்டர் ரெடி."

சார் எழுதினால் பிரின்சிபால் மறுபேச்சுப் பேசமாட்டார். பதினோரு பிள்ளைகளுக்கும் ஒரு வருஷம் போச்சு.

"சாயங்காலம் வரைக்கும் குடுக்காதீங்க சார்," என்றார் மேடம்.

மதியம் 'ஏழடுக்குப் பின்னூட்டச் சுழல்' என்று ஒரு புதிய முறையை நடத்தினார். திரை முழுக்க அம்புக்குறிகள் பறந்தன. நாற்பது நிமிடம். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. பக்கத்தில் சார் தலையாட்டினார். அவரே ஆட்டும்போது எனக்கென்ன, நானும் ஆட்டினேன்.

"இப்ப போனை எடுங்க. அதே ரெண்டு பட்டன். பேர் திரையில வராது. புரிஞ்சுதா, இல்லையா?"

எண்கள் ஏறின. பச்சை நாற்பத்தேழு. சிவப்பு ஒன்று.

ஹாலில் ஒரே சிரிப்பு. "யாருப்பா அந்த மக்குப் பிளாஸ்திரி?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

சிதம்பரநாதன் சார் எழுந்து, பெரிய மனுஷத் தோரணையில் ஹாலை ஒரு சுற்றுப் பார்த்தார். "வெக்கப்படாம எழுந்திருங்க. மேடம் இன்னொரு தடவை சொல்லித்தருவாங்க."

ஒருவரும் எழவில்லை.

"உங்க லேப்டாப்ல தெரியுமே மேடம். நீங்களே சொல்லிருங்க, யார் அது?"

"நான்தான் சார்."

"நீங்களா?"

"ஆமா. மதியம் சாப்பிடும்போது நானா இட்டுக்கட்டினது. நாப்பது நிமிஷம் என்ன பேசினேன்னு எனக்கே புரியல."

ஐயோ, நாற்பத்தேழு பேருமா! டாக்டர் பட்டம் வாங்கியவர்களே பத்தொன்பது பேர் இருந்தோம். சார் முகத்தில் ஈயாடவில்லை.

நின்றபடியே கேட்டார்.

"அப்ப... அந்தப் பதினோரு பேரை நான் என்ன செய்யறது?"

"நாளைக்கு க்ளாஸுக்குப் போனதும், இன்னைக்கு நீங்க எதை அழுத்தினீங்கன்னு அவங்ககிட்ட சொல்லுங்க சார்."