கை நீட்டாதவர்களின் ஏரி

முன்னொரு காலத்தில், கொடுத்ததை மறக்கத் தெரியாத ஓர் அரசன் இருந்தான். அதிரதன் என்று பெயர். கொடுப்பதில் அவன் குறை வைத்ததில்லை. கோயிலுக்கு நிலம், புலவனுக்குப் பசு, வைத்தியனுக்கு வீடு என்று வாரி வழங்குவான். ஆனால் கொடுத்துவிட்டு, வாங்கியவனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். அந்த முகத்தில் நன்றி கொஞ்சம் குறைவாகத் தெரிந்தாலும் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது.

அந்த நாட்டில் தை பிறந்ததும் கொடைநாள் வரும். மானியம் பெறுகிறவர்கள் எல்லாரும் அவைக்கு வந்து, இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டி நிற்க வேண்டும். அரசன் பொற்கெண்டியிலிருந்து நீர் வார்ப்பான். அந்த நீரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "அரசர் வாழ்க, பெற்றேன்" என்று சொல்ல வேண்டும். நீர் விழுந்த கைக்குத்தான் அந்த ஆண்டு மானியம்.

ஒரே ஒரு மானியத்துக்கு மட்டும் யாரும் வந்து கை நீட்டியதில்லை. அது கொக்கேரி மானியம். அதிரதனின் தந்தை விட்டுப்போனது. ஊருக்கு மேற்கே இருந்த அந்த ஏரியின் நடுவில் கடம்ப மரங்கள் நீரில் நின்றன. மழை ஓய்ந்ததும் கூழைக்கடாவும் நாரையும் பாம்புத்தாராவும் எங்கிருந்தெல்லாமோ வந்து அவற்றில் கூடு கட்டும். அங்கே வலை வீசக் கூடாது, வில்லெடுக்கக் கூடாது, ஒரு முட்டையைத் தொடக் கூடாது. பறவைகளின் எச்சம் கலந்த நீர் மதகு வழியே பாய்வதால் கீழே இருந்த வயல்களுக்கு எருவே தேவைப்படவில்லை. அங்கே விளைந்த நெல் ஏரிக் காவலுக்கும், கரையில் இருந்த சிலம்பக் களத்துக்கும், களத்தை ஒட்டிய கூத்துக் கொட்டகைக்கும் போனது. ஊர்ப் பிள்ளைகள் அங்கே கம்பு சுற்றினார்கள், அடவு பழகினார்கள், மத்தியானம் அந்த நெல்லின் சோற்றைத் தின்றார்கள்.

மூத்த அரசர் இதைக் கொடுத்த அன்று யார் கையிலும் நீர் வார்க்கவில்லை. கெண்டியை ஏரியிலேயே கவிழ்த்தார். "பிள்ளைகள் இங்கே விளையாடட்டும். என் முன்னால் வந்து நிற்க வேண்டியதில்லை" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அந்த வயல்களின் மேல் அரண்மனைக் கருவூலத்தைக் கவனிக்கும் பண்டாரத் தலைவர் குணபத்திரருக்கு நெடுநாளாகக் கண். கொடைநாள் நெருங்கிய ஒரு காலையில் அவர் அவையில் எழுந்தார்.

"அரசே, தங்கள் உப்பைத் தின்றும் தங்கள் முகத்தைப் பார்க்க வராதவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். சொல்ல எனக்கு நா கூசுகிறது."

"யார் அவர்கள்?"

"கொக்கேரிப் பறவைகள். அவற்றோடு அங்கே கம்பு சுற்றும் பிள்ளைகளும், கூத்தாடும் பிள்ளைகளும். ஆண்டுதோறும் தின்கிறார்கள். ஒருநாளும் கை நீட்டியதில்லை."

அரசனின் முகம் வாடியது. அவன் அவையின் மூலையைப் பார்த்தான். அங்கே தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான் ஐயாறன்.

ஐயாறன் அந்த அவையின் விகடகவி. சிரிக்க வைப்பது தொழில் என்றாலும் அவன் பேசும் நேரத்தைவிடப் பேசாத நேரமே அதிகம். அவன் பேசாமல் இருக்கும்போது அவையோர் தாங்கள் சொன்னதைத் திரும்ப எண்ணிப் பார்த்துக்கொள்வார்கள். கொக்கேரிக் கொட்டகையில் வளர்ந்தவன். அந்தச் சோறு தின்று, அந்த மண்ணில் விழுந்து, எழுந்து ஆடக் கற்றவன்.

"ஐயாறா," என்றான் அரசன், "வரும் கொடைநாளில் அவர்கள் எல்லாரும் என் முன் வந்து கை நீட்ட வேண்டும். பிள்ளைகளும் வேண்டும், பறவைகளும் வேண்டும். அழைத்து வருவது உன் பொறுப்பு. வராவிட்டால் ஏரி என் வேட்டைக்காடு ஆகும். களத்தில் யானை கட்டுவேன். கொட்டகையில் வைக்கோல் அடைப்பேன்."

"ஒரு பறவையை வலைபோட்டுப் பிடித்தாலும் விகடகவியாரின் கை துண்டிக்கப்படும்," என்று குணபத்திரர் பணிவாகச் சேர்த்துக்கொண்டார். "அது மூத்த அரசர் இட்ட சட்டம்."

ஐயாறன் ஏதாவது சந்து பொந்தில் புகுந்து தப்பிவிடக் கூடாதே என்ற கவலையில் குணபத்திரர் ஆணையைத் தாமே சொல்லி எழுதச் செய்தார். "அரசர் வார்க்கும் நீரை இரு கையும் சேர்த்து நீட்டிப் பெறாத எதுவும் எவருக்கும் உரியதல்ல. அது அரண்மனைக்குத் திரும்பும்." அரசன் முத்திரையிட்டான். பறை அறைந்து ஊருக்குச் சொன்னார்கள்.

ஐயாறன் எழுந்து ஏரிக்கு நடந்தான்.

கரையில் பிள்ளைகள் கூடியிருந்தார்கள். செய்தி அவனுக்கு முன்பே வந்திருந்தது. அவன் கரைக்கல்லில் உட்கார்ந்து நீரைப் பார்த்தான். ஒரு கூழைக்கடா மீனை அலகுப் பைக்குள் தள்ளிவிட்டு, யாரையும் பார்க்காமல் நீந்திப் போனது. அது கண்ணுக்கு மறையும்வரை அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சிலம்பக் களத்தில் முதல் கம்பு வேம்பியுடையது. உயரமான பெண், பொறுமை கிடையாது.

"மாமா, நாள் பூரா கொக்கையே பாத்துட்டு இருந்தா எப்படி? வாயத் தெறந்து எதையாவது சொல்லு."

"யோசிக்கிறேன் தாயி."

"யோசிக்க என்ன இருக்கு? நாங்க வந்து கை நீட்டுறோம். வாழ்க வாழ்கன்னு கத்துறோம். காசா பணமா? களம் எங்களுக்கு, கொட்டாய் இவனுகளுக்கு. முடிஞ்சது."

கூத்தில் பெண் வேடம் கட்டும் தத்தன் மெதுவாகக் கேட்டான். "அப்ப ஏரி?"

பறவைகளுக்குக் கை இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

"நீங்க நீட்டினா உங்களுக்குக் கிடைக்கும்," என்றான் ஐயாறன். "அந்தாளு தங்கமாத்தான் ஊத்துவாரு. அப்புறம் அதுங்க மட்டும் தனியா நிக்கும். அம்பு விழுற சத்தம் கேட்டுக்கிட்டே நீங்க கம்பு சுத்தலாம்."

வேம்பி கம்பைத் தரையில் ஊன்றினாள். கடம்ப மரங்களைப் பார்த்தாள்.

"அதுங்க எச்சம் போட்டு வெளஞ்ச சோத்தத் தின்னுதான் எனக்கு இந்தத் தோளு," என்றாள். "நான் நீட்ட மாட்டேன். யானையக் கட்டட்டும், பாக்கலாம்."

"நானும் மாட்டேன்," என்றான் தத்தன். "ஆனா மாமா, மாட்டேன்னு சொன்னா மட்டும் போதுமா?"

"போதாது. அவங்க போட்ட சட்டத்தை நாம நடத்திக் காட்டணும். கொஞ்சம் கூட மிச்சம் வைக்காம நடத்தணும். நாளைக்குக் கம்பையும் பறையையும் எடுத்துட்டு வாங்க."

மறுநாள் ஐயாறன் அரசன் முன் நின்றான்.

"அரசே, ஆணையை அறிவித்தீர்கள். நிறைவேற்ற ஆள் வேண்டாமா? அந்த வேலையை எனக்குக் கொடுங்கள்."

அரசனுக்கு உள்ளம் குளிர்ந்தது. விகடகவி பணிந்துவிட்டான் என்று நினைத்தான். கெண்டியை வரவழைத்து, ஐயாறன் சேர்த்து நீட்டிய கைகளில் தானே நீர் வார்த்தான். ஐயாறன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "அரசர் வாழ்க, பெற்றேன்" என்றான். வெளியே வந்ததும் அந்தக் கைகளை அவன் வேட்டியில் அழுத்தித் துடைத்ததை யாரும் கவனிக்கவில்லை.

அன்று மத்தியானம் அரசனுக்கு இலை போட்டார்கள். சம்பாச் சோறு, நெய், வாழைப்பூ வடை. அரசன் வடையை நோக்கிக் கையைக் கொண்டுபோனான். இலை அவன் முன்னாலிருந்து நகர்ந்தது. மறுமுனையை ஐயாறன் பிடித்திருந்தான்.

"என்ன இது?"

"இந்தச் சோற்றைத் தாங்கள் நீர் வார்த்துப் பெறவில்லை, அரசே. அரண்மனை மடைப்பள்ளிக்குத் திரும்புகிறது."

அரசனுக்குச் சிரிப்பு வந்தது. "சரி, கெண்டியைக் கொண்டு வா. நானே வார்த்துக்கொள்கிறேன்."

"இரு கையும் சேர்த்து நீட்ட வேண்டும் என்பது ஆணை. வார்க்க வேண்டியவரும் தாங்கள்தான். இரு கையும் நீட்டியிருக்கும்போது கெண்டியை எந்தக் கையில் பிடிப்பீர்கள்?"

அரசன் இடக்கையைப் பார்த்தான், வலக்கையைப் பார்த்தான். இலை போய்விட்டது. ஆணையை மாற்றலாம், ஆனால் முத்திரை இட்ட ஈரம் காயுமுன் மாற்றினால் ஊர் சிரிக்கும். அன்று அரசன் தோட்டத்தில் நெல்லிக்காய் பறித்துத் தின்றதாகக் கேள்வி.

அதே வேளையில் குணபத்திரரின் தெருவில் பறை முழங்கியது. கூத்துப் பிள்ளைகள் கொட்ட, சிலம்பப் பிள்ளைகள் அவர் வீட்டுக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்து வைத்தார்கள். ஊஞ்சல் வந்தது, அண்டா வந்தது, கடைசியாகச் சந்தனக் கட்டில் வந்தது.

"அடேய், என் கட்டிலை எங்கே தூக்குகிறீர்கள்?"

"இது எப்படிங்க வந்துச்சு?" என்று வேம்பி மரியாதையாகக் கேட்டாள்.

"என் மாமனார் கொடுத்தது."

"ராசா தண்ணி ஊத்தினாரா?"

"கட்டிலுக்கு எதற்கடி தண்ணீர்?"

"அப்ப உங்களது இல்லீங்க. சட்டம் நீங்க எழுதினதுதானாமே? நல்லா எழுதியிருக்கீங்க." அவள் தத்தனைப் பார்த்தாள். "அந்த மெத்தையையும் எடு."

அன்று குணபத்திரர் வெறும் தரையில் படுத்தார். ஆனாலும் அவருக்கு ஒரு நிம்மதி: கொடைநாள் வந்தால் பறவை வராது, விகடகவி தொலைந்தான்.

கொடைநாள் வந்தது. அவை நிறைந்திருந்தது. அரசன் பசியோடும் எரிச்சலோடும் அரியணையில் இருந்தான். ஐயாறன் வெறுங்கையோடு வந்தான். அவனுக்குப் பின்னால் கொக்கேரிப் பிள்ளைகள் வந்து நின்றார்கள். அவர்களும் கைகளைப் பின்னால் கட்டியிருந்தார்கள்.

"பறவைகள் எங்கே?" என்று அரசன் கேட்டான்.

"ஏரியில்."

"பிள்ளைகள் ஏன் கை நீட்டவில்லை?"

"மாட்டார்களாம்."

குணபத்திரர் எழுந்தார். "அரசே, இது வெளிப்படையான எதிர்ப்பு. மானியம் ஒழிந்தது. ஆணைப்படி..."

"ஆணைப்படி," என்று ஐயாறன் அவரை நிறுத்தினான், "என் வேலையில் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது, பண்டாரத்தாரே." அவன் அரியணையின் படிகளில் ஏறினான். யாரும் தடுக்குமுன் அரசனின் தலையிலிருந்த மகுடத்தை இரு கைகளாலும் எடுத்துத் தன் அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

காவலர்களின் வாள்கள் உறையை விட்டு வந்தன. வேம்பியின் கம்பு தானாக உயர்ந்தது.

"துரோகி," என்றார் குணபத்திரர்.

"ஐயாறா," என்றான் அரசன் தணிந்த குரலில், "உன் தலை போகும் வேலை இது."

"தெரியும், அரசே. போகுமுன் சொல்லிவிடுகிறேன். மூத்த அரசர் போரில் மாண்டபோது தாங்கள் கைக்குழந்தை. முடிசூட்டு விழாவுக்கு ஆட வந்த கூத்துப் பிள்ளைகளில் நானும் ஒருவன். என் கண்ணால் பார்த்தேன். தங்கள் தலைக்கு மகுடம் பெரிது. அதனால் அதைப் பட்டுக் கயிற்றில் கட்டித் தொட்டிலுக்கு மேலே தொங்கவிட்டார்கள். தாங்கள் கை நீட்டவில்லை. காலால் எட்டி உதைத்தீர்கள்."

பின்வரிசையில் யாரோ சிரிப்பை விழுங்கினார்கள்.

"ஒருவரும் தங்கள் கையில் நீர் வார்க்கவில்லை. தங்களுக்கு 'பெற்றேன்' என்று சொல்லவும் தெரியாது. ஆணைப்படி இந்த நாடு தங்களுடையதல்ல."

"அப்படியானால் யாருடையது?"

"அதை ஆணை எழுதியவரிடம் கேளுங்கள்."

எல்லாரும் குணபத்திரரைப் பார்த்தார்கள். நாடு அரசருடையது என்றால் ஆணை பொய். ஆணை மெய் என்றால் அரசர் அரசரல்ல. வியர்வை அவர் மூக்கு நுனிக்கு வந்து நின்றது.

அரசன் வெகுநேரம் பேசவில்லை. ஐயாறனும் பேசவில்லை. பேசாமல் இருப்பதில் அவனை மிஞ்ச அந்த நாட்டில் ஆளில்லை. அக்குளில் மகுடம் உறுத்திக்கொண்டிருந்தது. கழுத்தில் வாளின் குளிர் இன்னும் விழாத இடத்தை அவன் நினைத்துக்கொண்டான்.

"உதைத்தேனா?" என்று அரசன் கடைசியில் கேட்டான்.

"மகுடம் ஆடியது, அரசே. மந்திரி பதறினார். தங்கள் தாயார் சிரித்தார். ஊரே சிரித்தது. உதைத்த குழந்தைக்கு ஒரு நாட்டையே கொடுத்துவிட்டு, நன்றி கேட்காமல் வீட்டுக்குப் போனார்கள்."

அரசனின் உதடு துடித்தது. முதலில் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பிறகு தோள் குலுங்கியது. பிறகு அவன் அரியணையின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தான். வாள்கள் ஒவ்வொன்றாக உறைக்குத் திரும்பின.

"கெண்டியை எடுங்கள்," என்றான். "பண்டாரத்தாரே, நீரே அதைச் சுமந்து வாரும்."

அவை முழுவதும் கொக்கேரிக்கு நடந்தது. கரையில் நின்று அரசன் ஆணை ஓலையை நீரில் விட்டான். பின் குணபத்திரர் கையிலிருந்து கெண்டியை வாங்கித் தந்தையைப் போலவே ஏரியில் கவிழ்த்தான். எந்தப் பறவையும் திரும்பிப் பார்க்கவில்லை. பழக்கத்தினால் அரசன் அவற்றின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். மேலே பறந்த ஒரு நாரை அவன் பட்டுச் சால்வையின் தோளில் வெள்ளையாக ஒரு பெரிய சொட்டு இட்டுவிட்டுப் போனது.

குணபத்திரர் துடைக்க ஓடினார்.

"தொடாதீர்," என்றான் அரசன். "இது எனக்கு வந்தது." இரண்டாம் முறையும் சிரித்தான். இம்முறை பிள்ளைகளும் சேர்ந்து சிரித்தார்கள்.

மாலையில் அரசன் ஐயாறனை அழைத்தான். "களத்துக்குக் கீழே இருக்கும் நன்செய் உனக்கு. கையை நீட்டு."

ஐயாறன் மகுடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"ஒருமுறை நீட்டினேன், அரசே. இன்னும் கூசுகிறது. கொடுப்பதானால் ஏரியில் ஊற்றுங்கள்."

அரசன் ஊற்றினான். அந்த நன்செயின் நெல்லும் பிள்ளைகளின் சோற்றோடு சேர்ந்தது. அடுத்த கொடைநாளில் கொக்கேரியிலிருந்து அவைக்கு ஒருவரும் வரவில்லை. அரசன் ஏன் என்று கேட்கவும் இல்லை. குணபத்திரரின் கட்டில் மட்டும் வெகுநாள் தெருவில் கிடந்தது. அதன்மேல் ஏறி நின்று தத்தன் கூத்துப் பழகினான்.